கடலின் விதைநெல்

காவிரிப் பாசனத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு விதைநெல்லின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கதிரை அறுத்து அடித்துக் களம் தூற்றி முடிந்ததும், உண்பதற்கு முன்னும் விற்பதற்கு முன்னும், அடுத்த பட்டத்திற்குரிய நெல்லைத் தனியே எடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அந்நெல்லைக் குத்தி உண்ணலாகாது என்பது எழுதப்படாத சட்டம். அந்நெல் குடியானவனுக்கே சொந்தம். அதைத் தின்றால் அவனைத் தண்டிப்பார் எவருமில்லை. ஆயினும் அவன் கை அதன்மேல் படுவதில்லை. இன்றைய பசியைவிட நாளைய வயல் பெரிது என்பதை அவன் அறிந்திருக்கிறான்.

கடலுக்கும் விதைநெல் உண்டு. முட்டை சுமந்து வரும் தாய்மீனும், ஒருமுறையேனும் முட்டையிடாத இளமீனுமே அவ்விதை. ஆனால் அது எவர் வீட்டுப் பத்தாயத்திலும் இல்லை. எவர் பெயரிலும் பட்டா எழுதப்படவில்லை. அப்படியாயின் அதை எடுத்து வைப்பவர் யார்? "இன்றைக்கு இது போதும்" என்று சொல்ல வேண்டியவர் யார்? போதும் என்ற எல்லையை அடைந்தபின்னும் வலை வீசுவது சட்டப் பிழை மட்டுமா, மனச்சான்றுக்கும் பிழையா? இக்கேள்விகளை நம் குடும்பங்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

தஞ்சை என்றதும் நெல்லையே நினைக்கும் நாம், அதற்குக் கடலும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எனப் பாக் நீரிணையையொட்டி மீனவர் ஊர்கள் வரிசையாக உள்ளன. வெள்ளிக்கிழமையில் இறைச்சியை விலக்கும் நம் வீடுகள் பலவற்றில் கொதிக்கும் மீன் குழம்புக்கு இத்துறைகளும் கடன்பட்டவை. ஆகவே இது மீனவர் மட்டும் பேசித் தீர்க்கும் செய்தியன்று, உண்பவரையும் சேர்ந்தது.

நம் கடலில் வரம்பு எது?

உலகின் பல நாடுகளில் ஒரு படகு ஆண்டில் இத்தனை டன் பிடிக்கலாம், தூண்டில்காரர் ஒருவர் நாளொன்றுக்கு இத்தனை மீன் கொண்டு செல்லலாம் என்று எடையாலும் எண்ணிக்கையாலும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். நம் கடலில் அத்தகைய எடைக்கணக்கு இல்லை. இங்கே வரம்பு நாளிலும் தூரத்திலும் வலையின் கண்ணியிலும் இருக்கிறது.

இவ்வரம்புகள் ஒரு பெரும் சச்சரவிலிருந்து பிறந்தவை. 1950களில் கொல்லம் அருகே நார்வே நாட்டு உதவியுடன் இயந்திர மீன்பிடிப்பு ஊக்குவிக்கப்பட்டது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கவே, இழுவலை கட்டிய விசைப்படகுகள் இரு கரைகளிலும் பெருகின. கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் சென்றவர்கள் விரித்த வலைகள் அறுபட்டன. 1970களில் தமிழகக் கரையில் இரு சாராரும் மோதிக்கொண்டனர். படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகே 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரையுள்ள கடலை அது நாட்டுப்படகினருக்கு ஒதுக்கிற்று. இரு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை உண்டு. சுருக்குமடி வலையை 2000ஆம் ஆண்டு தமிழக அரசு தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பகல் வேளையில் அதற்கு இடமளித்தது. இழுவலையின் கடைமடிக் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும் விதி. குஞ்சு மீன் தப்பிச் செல்லும் வாசல் அது.

இவற்றோடு தடைக்காலம் ஒன்றும் உண்டு. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய அது, பின்னர் 61 நாளாக நீட்டப்பட்டது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். மீன்கள் பெருகும் பருவத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் ஓய்வு இது.

திங்கள், புதன், சனி

பாக் நீரிணைக்கென்று தனியே ஒரு முறையும் உண்டு. ஆழம் குறைந்த, இரு நாடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறு கடல் அது. அதில் எல்லாரும் எல்லா நாளும் இறங்கினால் இடம் போதாது. எனவே வாரத்தின் ஏழு நாட்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள் விசைப்படகினருக்கு. எஞ்சிய நான்கு நாள் நாட்டுப்படகினருக்கு. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் துறைகளில் இம்முறைப்படியே படகுகள் புறப்படுகின்றன.

இதைக் கேட்கும் நம் விவசாயக் குடும்பங்களுக்கு முறைநீர்ப் பாசனம் நினைவுக்கு வரும். தண்ணீர் குறைந்த காலத்தில் இன்னின்ன நாள் இன்னின்ன வாய்க்காலுக்கு என்று முறை வைப்பார்கள். தன் முறை முடிந்தபின் நள்ளிரவில் சென்று மடையைத் திறந்துவிடுபவனை ஊர் என்னவென்று சொல்லும்? அவன் எடுத்தது வெறும் தண்ணீரா? கடைமடையில் கருகும் பயிர் அல்லவா? 1934 முதல் கல்லணைக் கால்வாயின் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்கும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதி மக்களுக்கு இதைப் பிறர் கற்பிக்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை இரவில் இறங்கும் இழுவலையும் அத்தகையதே. நாட்டுப்படகுக்காரர் மாலையில் நண்டு வலையை விரித்துவிட்டு வருகிறார். விடியற்காலையில் சென்று பார்த்தால் வலையில்லை. மிதவை மட்டும் எங்கோ அலைகிறது. வலையை வாங்கிய கடன் மட்டும் வீட்டில் இருக்கிறது. முறை கடந்து பிடித்த மீனை "கூடுதல் மீன்" என்று சொல்வது தவறு. அது பிறர் நாளில், பிறர் கடலில் எடுத்த மீன்.

இன்னொரு எல்லையையும் இவ்விடத்தில் நேர்மையோடு பேச வேண்டும். 1974இலும் 1976இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலெல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லையைக் கடந்ததற்காக நம் மீனவர் சிறைப்பட்டதும், படகுகள் பறிபோனதும், சிலர் உயிரிழந்ததும் நமக்கு ஆறாத் துயரம். மீன்பிடிக்கச் சென்றவனைக் கொல்வதற்கு எந்த எல்லைக்கோடும் நியாயமாகாது. ஆயினும் அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலை விரிப்பவரும் தமிழரே. அவர்களிலும் நம் விசுவாசத்தவர் பலர். நெடிய போரினால் கடலை இழந்திருந்து, 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் வலையெடுத்தவர்கள் அவர்கள். தங்கள் வலைகளை இழுவைப்படகுகள் அறுத்துச் செல்கின்றன என்பது அவர்களின் முறையீடு. 2017இல் இலங்கை இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையினரும் ஒன்றாக முழந்தாளிடுகிறோம். அந்த உறவு கடலிலும் நிலைக்க வேண்டும். காவிரி நீரில் நமக்குரிய பங்குக்காக நீதிமன்றம் ஏறி நிற்பவர்கள் நாம். 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று அளந்து சொன்னபோது, அளவைவிட ஒரு துளியும் குறையக்கூடாது என்று கேட்டோம். மேல்மடையாரிடம் நாம் எதிர்பார்க்கும் நீதியைக் கடலில் நமக்கு அடுத்திருப்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பது முறைதானே?

வரம்பு நிறைந்தபின்

எடைக்கணக்கால் வரம்பு கட்டிய நாடுகளில் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை. மனித மனம் அங்கும் குறுக்குவழி கண்டது. வரம்பு நிறைந்ததும் சிலர் வலையைச் சுருட்டவில்லை. மேலும் பிடித்து, பெரிய மீனை வைத்துக்கொண்டு, முன்னே பிடித்த சிறிய மீனைக் கடலில் எறிந்தார்கள். துறையில் நிறுத்துப் பார்த்தால் எடை சரியாக இருக்கும். கடலில் செத்து மிதந்தவற்றை நிறுப்பவர் யார்? இவ்விரயத்தைத் தடுக்கவே ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம் 2013இல் தன் விதியைத் திருத்தியது. வரம்புக்கு உட்பட்ட இன மீன் எது வலையில் விழுந்தாலும் அதைக் கரைக்குக் கொண்டுவந்து கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற அவ்விதி படிப்படியாக நடப்பாகி, 2019 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரிடமும் இக்கேள்வி எழுகிறது. நாளின் எண்ணிக்கை நிறைந்தபின், "பிடித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுகிறேனே, இதிலென்ன தவறு?" என்று கேட்பவர் உண்டு. சில இடங்களில் சட்டம் இதை அனுமதிக்கிறது. சில இடங்களில் வரம்பு நிறைந்ததும் தூண்டிலைக் கையிலெடுப்பதே குற்றம். இதில் மீனின் நிலையையும் எண்ண வேண்டும். ஆழத்திலிருந்து விரைந்து இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை உப்பிப்போகிறது. முள் தைத்த காயத்தோடும் இளைத்த உடலோடும் திரும்பிய மீன்களில் ஒரு பங்கு பின்னர் இறக்கின்றன. கண்ணெதிரே நீந்திச் சென்றது என்பதால் அது பிழைத்தது என்று பொருளில்லை.

வரம்பை மதியாமையின் முடிவை அறிய விரும்புவோர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையைப் பார்க்கலாம். அக்கடலில் காட் என்னும் மீன் நூற்றாண்டுகளாக அள்ள அள்ளக் குறையாதிருந்தது. பெருங்கப்பல்கள் வந்தன, தாங்க முடியாத அளவுக்கு வாரின. 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்திற்று. ஏறத்தாழ 30,000 பேர் தொழில் இழந்தனர். இரண்டாண்டுத் தடை என்றார்கள். 2024இல்தான் அது முறையாக நீக்கப்பட்டது, அதுவும் சிறு அளவோடு. விதைநெல்லைத் தின்ற வீட்டின் கதை அது.

"வலையில் விழுந்தது ஆண்டவர் தந்தது"

"சாமி, வலையில் விழுந்தது ஆண்டவர் தந்தது. வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. பக்தியோடு கேட்கும் கேள்விக்குப் பக்தியோடே விடை தேட வேண்டும்.

ஆண்டவர் தந்தது உண்மை. ஆனால் யாருக்குத் தந்தார்? படைப்பின் நலன்கள் மனிதர் அனைவருக்கும் உரியவை என்பது திருச்சபையின் தொன்மையான போதனை; இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் அதை உறுதிப்படுத்தியது. அடுத்த படகில் இருப்பவனும், இன்னும் பிறவாத அவன் பேரனும் அந்த "அனைவருள்" அடங்குவர். பாலைவெளியில் மன்னா பொழிந்தபோது, அவரவர் வீட்டுக்குத் தேவையான அளவே சேர்க்கும்படி கட்டளை வந்தது. ஆசையால் மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறிற்று என்று யாத்திராகமம் கூறுகிறது. கொடுத்தவர் ஆண்டவரே, அளவும் அவர் கொடுத்ததே.

நற்செய்தியிலும் பெருமீன்பாடு இருமுறை வருகிறது. லூக்காஸ் கூறும் நிகழ்ச்சியில் இரு படகுகளும் அமிழும்படி மீன் நிறைந்தது. அதன்பின் இராயப்பர் மூன்றாவது படகைத் தேடவில்லை; எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு ஆண்டவரைப் பின்சென்றார். அருளப்பர் கூறுவதில் 153 பெரிய மீன்கள்; வலையோ கிழியவில்லை. அள்ளிய மீனை அவர்கள் எண்ணினார்கள் என்பதையும் கவனியுங்கள். ஐயாயிரவர் அப்பம் உண்டு நிறைவுற்றபின், ஒன்றும் வீணாகாதபடி துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் இயேசு. அற்புதத்தால் பெருகியதையே வீணாக்கலாகாது என்றால், செத்த மீனைக் கடலில் கொட்டிவிட்டு வருவதை எப்படி நியாயப்படுத்துவது? கட்டுப்பாடற்ற மீன்பிடிப்பால் சில இனங்கள் பெரிதும் அருகுவதையும், பிடித்ததில் பெரும்பகுதி எறியப்படுவதையும் பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது சுற்றுமடலில் வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார்.

இன்னொரு மறுப்பும் உண்டு, இதுவே வலிமையுள்ளது. "நான் விட்டால் பக்கத்துப் படகுக்காரன் பிடிப்பான். நான் மட்டும் நல்லவனாய் இருந்து என்ன பயன்?" தனியொருவரின் நேர்மை கடலை நிரப்பிவிடாது என்பது மெய்யே. அதனால்தான் ஊர் கூடி முறை வைக்கிறது. முறையில் உயிர் இருப்பது எப்போது? அடுத்தவனும் காப்பான் என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான். ஒருவன் மறைவாக மீறும்போது, காத்தவர் அனைவரையும் ஏமாளிகளாக்கிவிடுகிறான். மறுவாரம் பத்துப் பேர் மீறுவார்கள். ஆகவே வரம்பு மீறியவன் திருடுவது மீனை மட்டுமல்ல, ஊரின் நம்பிக்கையையும்தான். மீன் சில ஆண்டுகளில் திரும்பலாம். நம்பிக்கை திரும்புவது அதனினும் அரிது.

இவ்வாறு எழுதுவதால் மீனவர் மனச்சான்று உறங்கிவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். தஞ்சை, புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுரக் கிலோமீட்டர் கடற்பரப்பு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. ஆவுளியா என்று நம் மீனவர் அழைக்கும் அந்தச் சாதுவான உயிர் வலையில் சிக்கியபோது, வலையை அறுத்து அதை உயிரோடு கடலில் விட்டவர்கள் இக்கரை மீனவர்களே. வலையின் விலை அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே அறுத்தார்கள்.

வயல் வாய்க்காலிலும்

கடலோரம் இல்லாத பங்குகளும் இதில் தப்ப முடியாது. ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, ஆறும் வாய்க்காலும் நிரம்பும்போது நம் சிறுவர்கள் தூண்டிலோடு கிளம்புகிறார்கள். குளத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மேலே மேலே வந்து மூச்செடுப்பதை அவர்கள் கண்டிருப்பார்கள். விராலின் குஞ்சுகள் அவை; அடியில் பெரிய விரால் காவல் காத்து நிற்கும். அவ்வேளையில் அதைப் பிடிப்பது எளிது, ஏனெனில் அது குஞ்சுகளை விட்டு ஓடாது. காவல் போனபின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனைப் பிடித்ததாகச் சிறுவன் மகிழ்வான். உண்மையில் ஒரு கூட்டத்தையே அழித்திருப்பான். கூட்டில் குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடியாமல் போகவிடு என்று உபாகமம் கட்டளையிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அவ்வசனத்தைக் குளக்கரையில் நின்று கற்பிக்கலாம்.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்தது. ஜனவரி இறுதியில் மேட்டூர் மூடியபின், ஆற்று மடுக்களில் எஞ்சிய மீன்தான் அடுத்த வெள்ளத்திற்கு விதை. மடுவை முற்றிலும் இறைத்து வாருவோர் அதை எண்ணிப் பார்ப்பார்களாக.

சுமை யார் தோளில்?

வரம்பைக் காக்கச் சொல்வது எளிது. காப்பவரின் அடுப்பையும் பார்க்க வேண்டும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023இல் தமிழக அரசு அறிவித்தது. அதை 61 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். டீசல் விலை, படகுக் கடன், முன்பணம் ஆகியவை தடைக்காலத்தில் ஓய்வெடுப்பதில்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் படகுகளை நொறுக்கியபோது, கடன்மேல் கடன் ஏறிற்று. இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. படகொன்றின் விலை 80 இலட்சம் ரூபாய். அதில் பத்தில் ஏழு பங்கை அரசுகள் ஏற்றும், எஞ்சியதைத் திரட்ட இயலாமல் பலர் நின்றுவிட்டனர். எண்ணிய 2,000 படகுகளில் சிறு பகுதியே மாறிற்று. பொதுநலனுக்காக ஏழையின் வலையைச் சுருட்டச் சொல்லும் சமுதாயம், அவன் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இல்லையேல் அது நீதியின் பாதி மட்டுமே.

நம் அடுக்களையில்

இறுதியாக, வாங்கி உண்ணும் நம் பங்கு. நெத்திலியும் சூடையும் இயல்பிலேயே சிறியவை. அவற்றை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் விரல் நீள வஞ்சிரமும் உள்ளங்கையில் அடங்கும் பாறையும் குஞ்சுகள். கேரளத்தில் 2015இல் மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வகுத்தார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர்; அதற்குக் குறைந்ததைப் பிடிப்பது அங்கே குற்றம். நம் இல்லத்தரசிகள் சந்தைக் கூடையருகே நின்று இதே அளவைத் தாங்களே விதித்துக்கொள்ளலாம். வயிற்றின்கீழ் முட்டைக் கொத்தோடு வரும் சினை நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. அதை வாங்குவாரில்லை என்றால், பிடித்தவரே கடலில் விட்டுவிடுவார். குஞ்சு மீனுக்கு விலை கிடைக்கும்வரை குறுங்கண்ணி வலைக்கும் வேலை இருக்கும். வெள்ளிக்கிழமை இறைச்சியைத் துறந்துவிட்டு, கடலின் விதைநெல்லைக் குழம்பிலிட்டு உண்பது எவ்வகை ஒறுத்தல்?

பெற்றோரே, இரவு உணவுக்கு முன் நாம் சொல்லும் செபத்தில், இவ்வுணவைத் தந்ததற்கு நன்றி கூறுகிறோம். அத்தோடு, "போதும் என்று சொல்லும் மனத்தையும் தாரும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். முறை நாளில் மட்டும் கடலேறும் மீனவரையும், முறை நாளில் மட்டும் மடை திறக்கும் விவசாயியையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அவர்கள் விட்டுவைத்த மீனும் நீரும் நம் பேரப்பிள்ளைகளின் தட்டில் வந்து சேரட்டும்.